கழற்றினால் பூட்டிக்கொள்ளாத கடிகாரம்

அன்புள்ள மகனுக்கு,

நம் குடும்பத்தின் வரலாற்றில் பெரிய முடிவுகள் என்று சொல்லத்தக்கவை மூன்றுதான். உன் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறியது. இந்தியாவுக்குத் திரும்பிப்போக வாய்ப்பு வந்தபோது உன் தாத்தா போகாமல் இருந்தது. சென்ற சித்திரையில் பதுளைக் கடைவீதியில், புதிய மாடல் ஸ்மார்ட் கடிகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, தள்ளுபடிக்கு வைத்திருந்த பழைய மாடலை நான் வாங்கியது. முதல் இரண்டைப் பற்றியும் பிறர் நிறைய எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. வரலாறும் தமிழும் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில் அது என் கடமையும் ஆகிறது.

நீ கனடா போகும் வழியில், ஏதோ ஒரு விமான நிலையத்துக் கடையிலிருந்து இரண்டு கடிகாரங்களின் படத்தை அனுப்பியிருந்தாய். "அம்மா, அந்தக் கடிகாரம்தான் அப்பாவக் காப்பாத்துச்சு. இந்தத் தரம் நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்புறேன். பழைய மாடலுக்கு டிஸ்கவுண்ட் இருக்கு, புதுசுக்கு இல்ல. எது எடுக்கட்டும்?" என்று கேட்டிருந்தாய். அதே செய்தியைக் கொஞ்சம் அழகுபடுத்தி, ஓர் இயந்திரம் உன் தகப்பனின் உயிரை மீட்டுத் தந்த கதையாக, உன் நண்பர்கள் எல்லோரும் பார்க்கும்படியும் எழுதியிருந்தாய். பலர் கை கூப்பிய படம் போட்டிருந்தார்கள். சிலர் தங்கள் தகப்பன்மாருக்கும் அதே மாடலை வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பதிலையும் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். அந்தக் கடிகாரத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஓர் இதயம் கெட்டுக்கொண்டு வருகிறது என்று அது சரியாகவே சொன்னது. யாருடைய இதயம் என்பதில்தான் ஒரு சிறு குழப்பம்.

தைப்பொங்கலன்று உன் அப்பாவுக்குத் தலை சுற்றியது உனக்கு நினைவிருக்கும். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கிறாரா என்பதை நீ வேலை பார்த்த கொழும்பிலிருந்தே பார்க்க உனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. நீ இரண்டு பெயர்களை அனுப்பி என்னைக் கடைக்கு அனுப்பினாய். நானும் ஹல்துமுல்லையில் பஸ் ஏறி, இடித்துப் பிடித்துப் பதுளைக்குப் போய், நமக்குப் பழக்கமான முஸ்லிம் அண்ணன், நானாவின் கடையில் நின்றேன். நானா இரண்டையும் வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினார். பழைய மாடல் எது என்று கேட்டதும் அவர் முகம் சற்று வாடியது.

"டீச்சர், இத பழசுண்டு சொல்லாதீங்க. இது போன வருசத்துப் புதுசு."

"அப்ப அது?"

"அது இந்த வருசத்துப் புதுசு. வார வருசம் அதுக்கும் இந்தக் கெதிதான்."

வித்தியாசம் என்னவென்று கேட்டேன். நானா நேர்மையான வியாபாரி. புதியது ஈ.சி.ஜி.யே எடுத்துக் காட்டும், பழையது நாடியை எண்ணித் தொலைபேசிக்கு அனுப்புவதோடு சரி என்றார். தண்ணீருக்குள் போகலாம் என்றார். பிறகு, அதை ஒரு குறைபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது கையில இருந்து கழட்டினா பூட்டிக்கும் டீச்சர். திரும்பக் கட்டினா நம்பர் அடிக்கச் சொல்லும். வேற ஆள் கட்ட ஏலாது."

"பழசு?"

"பழசு யார் கையில கட்டினாலும் ஓடும். பாவம், அதுக்கு ஆள் தெரியாது."

உன் அப்பா குளிக்கும்போது கழற்றுவார். கோயிலுக்குப் போகும்போது கழற்றுவார். சோறு பிசையும்போதும் கழற்றுவார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அத்தனை பேரின் செக்றோல் நம்பரும், அதாவது சம்பளப் பதிவேட்டு எண்ணும், இன்றுவரை அவருக்கு மனப்பாடம். தன் தொலைபேசியின் நம்பரை மட்டும் என்னிடம்தான் கேட்பார். ஒவ்வொரு முறையும் நம்பர் கேட்கும் கடிகாரத்தோடு மீதிக் காலத்தைக் கழிக்க நான் தயாராக இல்லை. ஆள் தெரியாத கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நானா கண்ணாடித் துணி ஒன்றை இலவசமாகத் தந்தார்.

உன் அப்பா நாற்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்பதை உன் கனடா நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு, மலை மலையாகப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. மாலையில் கொழுந்து நிறுத்தபின், சொன்ன கிலோ எடுத்தவளுக்கு முழுப் பேர், குறைந்தவளுக்கு அரைப் பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். இந்த மலைகளில் ஒருத்திக்குப் பேர் விழுந்தால்தான் அவள் அன்றைக்கு வேலைக்கு வந்தவள். அரைப் பேர் விழுந்தால், விடிந்ததிலிருந்து மழையில் நின்ற பாதி மனுஷி எங்கே போனாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்படிப்பட்டவரின் மணிக்கட்டில் நீ ஒரு கணக்கப்பிள்ளையைக் கட்டிவிட்டாய். கடிகாரத்தில் ஒரு வட்டம் இருந்தது. நடக்க நடக்க அது பச்சையாக நிறையும். நிறையாமல் பொழுது சாய்ந்தால் ஒருமுறை அதிர்ந்து, "இன்னும் கொஞ்சம்தான்" என்று எழுதிக் காட்டும். முதல் நாள் மாலை உன் அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "பார்த்தியா, எனக்கு அரைப் பேர் போட்டுட்டான்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாத பெரட்டுக்குப் போகிறவர்போல இறங்கிப் போனார். முழுப் பேர் விழுந்த நாட்களில் வீட்டில் அமைதி இருந்தது. அரைப் பேர் விழுந்த நாட்களில், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக உன் தொலைபேசி வந்தது. "என்னப்பா, இன்னிக்கு ஏன் நடக்கல? அங்க என்னா மழையா? மழைன்னா வீட்டுக்குள்ளயே நடக்கலாமே?" பங்களாவில் துரை உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கும் நீ கேட்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. துரை இங்கே மழையா என்று கேட்டதில்லை.

மாரியாயியை உனக்குத் தெரியும். நம் வீட்டுக்குக் கீழ், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது. நீ தவழ்ந்த காலத்தில் நான் பள்ளிக்கூடம் போனபின், தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் உன்னைத் தூக்கி வைத்திருந்தவள் அவள்தான். உன் அப்பாவின் கையால் அதிகமாக அரைப் பேர் வாங்கியவர்களில் ஒருத்தி. அதை அவள் ஒருபோதும் மறந்ததும் இல்லை, மனதில் வைத்துக்கொண்டதும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கணக்கில் பேர் கிடையாது. எடுத்த கிலோவுக்குக் காசு, அவ்வளவுதான். உன் அப்பா சப்பாத்தோடு பாதையில் இறங்கி ஏறுவதைப் பார்த்து அவள் இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாம் வாரம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"என்னங்க ஐயா, நாய் தொரத்துதா, இல்ல டீச்சரம்மா தொரத்துறாங்களா?"

அவர் கடிகாரத்தைக் காட்டி விளக்கினார். அவள் வட்டத்தைப் பார்த்தாள். அது பாதிதான் நிறைந்திருந்தது.

"அப்ப இன்னிக்கு அரைப் பேருங்களா?"

"வாய மூடு மாரியாயி."

"எங்களுக்குப் போட்டப்ப எப்பிடி இருந்திச்சுன்னு இப்ப தெரியுதுங்களா? கையில இருக்கிற அந்தாளுகிட்ட கொஞ்சம் சொல்லிப் பாருங்க. தூறல் அடிச்சது, அட்ட கடிச்சது, இப்பிடி ஏதாச்சும். நாங்க சொல்லாத சாக்கா?"

லயத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும், எனக்கு ஆச்சரியம், சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர் ஏறி வரும்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்கும்: "ஐயாவுக்கு இன்னிக்கு என்னா பேரு?" அவரும் நின்று, பெரட்டில் பதில் சொல்கிற மாதிரி உரத்துச் சொல்லுவார்.

ஆடி மழையில் அவருக்குக் கணுக்கால் பிசகியது. அதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய், உன் கனடாப் பயண வேலைகள் குழம்பும் என்றார். நானும் சொல்லவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வட்டம் வெறுமையாகக் கிடந்தது. உன் தொலைபேசி இரவுதோறும் வந்தது. தேங்காய் எண்ணெய் கொண்டுவந்த மாரியாயி இதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றை நான் விளக்கவேண்டும். ஏனென்றால் இது தெரியாதவர்களுக்கு அடுத்து நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

மலையில் ஒருத்தி பிள்ளைத்தாச்சியாக இருந்தால், அல்லது காய்ச்சலோடு வந்திருந்தால், அவள் கிலோ குறையும். அப்போது நிறுவைக்கு வரும் வழியில் மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். அவளுக்கு முழுப் பேர் விழும். உன் அப்பாவுக்கு இது தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் எதிர் மலையில் ஏதோ தெரிவதுபோலத் திரும்பிப் பார்ப்பார். அவருடைய உத்தியோகத்தில் மனிதத்தன்மைக்கு அனுமதிக்கப்பட்ட இடம் அந்த அரை நிமிடம்தான். அதை அவர் தவறாமல் பயன்படுத்தினார். உன் அப்பாவைப் பற்றி நீ பெருமைப்பட விரும்பினால் கடிகாரத்தை விட இது நல்ல காரணம்.

மாரியாயி கையை நீட்டினாள். "குடுங்க ஐயா. நான் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டு வாறேன். ஒங்களுக்கு ஒரு பிடி கொழுந்து போட்ட மாதிரி."

உன் அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். அது பூட்டிக்கொள்ளவில்லை. அவர் எதிர் மலையைப் பார்த்தார்.

அன்று வட்டம் காலை பத்து மணிக்கே நிறைந்து, மாலைக்குள் இரண்டாம் சுற்றும் முடிந்து, கடிகாரம் பட்டாசு வெடிக்கிற படம் போட்டது. மாரியாயி அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். தன் வாழ்நாளில் தான் நடந்ததற்கு யாரும் பட்டாசு கொளுத்தியதில்லை என்றாள். இரவு உன் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. "அப்பா, சூப்பர்! என் ஆபீஸ்ல யாரும் இவ்வளவு நடக்கிறதில்லப்பா!" உன் அப்பா, "கொஞ்சம் தோட்டப் பக்கம் போனேன்" என்றார். பொய் என்று சொல்லமுடியாது. கணுக்கால் சரியாகும்வரைக்கும்தான் என்று பேசிக்கொண்டோம். கணுக்கால் சரியானது. ஆனால் அதற்குள், அவரே நடந்தால் கிடைக்கக்கூடிய எண்கள் உனக்கு ஏமாற்றம் தரும் அளவுக்கு மாரியாயி உன்னைப் பழக்கிவிட்டாள். காலையில் கடிகாரம் கீழே இறங்கும். மாலையில் ஏறி வரும். நீ அந்த எண்களை உன் நண்பர்களுக்குக் காட்டினாய். எழுபது வயதில் இப்படியொரு தகப்பனா என்று அவர்கள் வியந்தார்கள்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது பதுளை பஸ் நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். முள் ஒட்டவைத்தது, ஓடாது. நீ அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் நேரம் சொன்னாய். மூன்றேகால். காலைக் கூட்டத்திலும் மூன்றேகால்தான். யாரும் உன்னை மறுக்கவில்லை. கணக்கப்பிள்ளை மகன், டீச்சர் மகன்; மூன்றேகால் என்றால் மூன்றேகால்தான் என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் உண்டு. அன்றைக்கு அதை நான் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தேன். நீ போகிற ஊரில் உன்னை மறுத்துப் பேசுகிற ஆட்கள் நாலைந்து பேரையாவது தேடி வைத்துக்கொள். நல்ல செய்தி சொல்லும் எண் எதைப் பார்த்தாலும், இது யாருடையது என்று கேள். கெட்ட செய்தி சொன்னாலும் அதையே கேள். இது அறிவுரை. நான் இதை இந்த வயதில்தான் கற்றேன். உனக்குச் சீக்கிரமாகவே தருகிறேன்.

புரட்டாசியில் மாரியாயி குழாயடியில் நிற்கத் தொடங்கினாள். மலையிலிருந்து வரும்போது முன்பு ஒரே மூச்சில் ஏறி வருவாள். இப்போது குழாயடியில் நின்று, தண்ணீர் திறக்காமலே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இடது தோளைத் தேய்ப்பாள். சாக்குக் கயிறு அறுக்கிறது என்பாள். கடிகாரத்தின் வாரை முதலில் உள் ஓட்டையில் மாட்டியவள், பிறகு ஒன்று தள்ளி மாட்டினாள், பிறகு இன்னொன்று. அதை முதலில் கவனித்தவர் உன் அப்பா. மாலையில் வாங்கிக் கட்டும்போது அவர் கையில் அது வளையல்போலச் சுழன்றது. "இவளுக்குக் கை வீங்குது" என்றார். நான் மாரியாயியிடம் சொன்னேன். குளிர் என்றாள்.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் பிடித்த ஒரு மாலை, நீ அழைத்தாய். உன் குரலில் மகிழ்ச்சி இல்லை. "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? கொஞ்சம் அந்தாண்ட வாங்க" என்றாய். நான் அடுப்படிக்குப் போனேன். அப்பாவின் நாடிக்கோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டாய். சில நாட்களாகக் காலையில் ஹப்புத்தளை ஏறும் பஸ்ஸைப்போல் ஏறுகிறது, பிறகு திடீரென்று பள்ளத்தில் விழுகிறது, உட்கார்ந்திருக்கிற நேரத்திலும் ஏறுகிறது என்றாய். உனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டியிருக்கிறாய். அவர் தாமதிக்க வேண்டாம் என்றிருக்கிறார். "அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதான்னு கேளுங்க. பயப்படுத்தாமக் கேளுங்க."

உன் அப்பா முன்னறையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது நீளமான வாக்கியமும் இல்லை. நான் தமிழாசிரியை, அதை எழுவாய் பயனிலை பிசகாமல் என்னால் சொல்லியிருக்க முடியும். அடுப்படி வாசலிலிருந்து உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்; உன் குரல் அவருக்கும் கேட்டிருந்தது. தான் அரைப் பேர் போட்ட ஒருத்தியைத் தனக்காக நடக்கவிட்டு அந்தப் பெருமையை மகனிடம் வாங்கிக்கொண்டவர் என்று நீ அவரை நினைக்கப்போவது அவருக்கும் தெரிந்தது. அவர் தலையை லேசாக ஆட்டினார். இப்போது வேண்டாம் என்று பொருள். நான் உன்னிடம், "கேக்குறேன் தம்பி" என்றேன்.

மறுநாள் காலையில் நானே லயத்துக்கு இறங்கிப் போனேன். மாரியாயி தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்; கடிகாரம் வழக்கம்போல அதற்குள் அவள் கைக்கு இறங்கியிருந்தது.

"மாரியாயி, கடிகாரத்துல நாடி சரியில்லன்னு காட்டுது. இன்னிக்கு மலைக்குப் போகாத. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"யாருக்குங்க டீச்சரம்மா சரியில்ல?"

"உனக்குத்தான்."

"எனக்கா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள்; சிரித்தபின் மூச்சுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கடியாரம் ஐயாவோடதுங்க. அதுல நல்லது காட்டுனப்ப ஐயாவுக்குப் போச்சு. நோவு காட்டுனா மட்டும் எனக்கா? அதுவும் ஐயாவோடதுதான். நான் எதுக்குங்க அவரு நோவுக்கு மாத்திர தின்னணும்?"

பக்கத்துக் காம்பராக்காரி, "அப்ப நீ சம்பளமும் ஐயாகிட்டயே வாங்கிக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கிழமை போகலாம், இப்போது கொழுந்து நன்றாக விழுகிற நேரம் என்று மாரியாயி சொன்னாள். நானும் அடுத்த கிழமை என்று வைத்துக்கொண்டேன். கடிகாரத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். ஏனென்றால் நீ அன்று மத்தியானம் காரில் வருவதாகச் சொல்லியிருந்தாய். நீ வரும்போது அது உன் அப்பாவின் கையில் இருக்கவேண்டும்.

பதுளையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்ததை நான் வேறு இடத்தில் நின்று பார்த்தேன். அந்த டாக்டர் சின்னப் பெண், அக்கறையான பெண். உன் தொலைபேசியில் இருந்த கோடுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, உன் அப்பாவின் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"ஐயா, காலையில எட்டு மணிக்குப் பிறகு என்ன செய்வீங்க? அப்பதான் நாடி இப்பிடி ஏறுது. பாரம் ஏதாவது தூக்குறீங்களா?"

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் பக்கத்துக் கட்டிலின் திரையைப் பார்த்தேன்; அதில் நீலப் பூக்கள் இருந்தன. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"கொஞ்சம் ஏத்தம்" என்றார் உன் அப்பா. "எங்க பக்கம் எல்லாமே ஏத்தந்தான் டாக்டர்."

"இனி ஏறக் கூடாது."

எழுபது வயது ஆணை மூன்று நாள் படுக்கவைத்துத் தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். அவருக்கும் ஏதோ ஒரு குழாயில் ஏதோ ஒரு சிறு அடைப்பு கிடைத்தது. மாத்திரை கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் கடிகாரம் அவருடைய கையிலேயே இருந்ததால் கோடு சமவெளிபோலப் படுத்துக்கொண்டது. "பார்த்தீங்களா, ரெஸ்ட் எடுத்ததும் எவ்வளவு வித்தியாசம்" என்று டாக்டர் உனக்குக் காட்டினாள். நீ வெளியே போய் அழுதுவிட்டு வந்தாய். உன் முதுகைத் தட்டிக் கொடுத்தபோதுகூட அந்த வாக்கியம் என் வாயில்தான் இருந்தது. உன் பயணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நீ நிம்மதியாகப் போகவேண்டும் என்று நினைத்தேன். போனபின் எழுதலாம் என்று நினைத்தேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புதியதை வாங்கு. தள்ளுபடி இருக்கிறதே என்று பார்க்காதே. கழற்றினால் பூட்டிக்கொள்ளவேண்டும், கட்டினால் நம்பர் கேட்கவேண்டும், நம்பரை அப்பாவுக்கு நான் தினமும் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன். பழைய மாடல் வாங்கப்போவதாகச் சொன்ன உன் நண்பர்களுக்கு, வீட்டில் வேறு யார் மலைக்குப் போகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல். உன் அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அனுப்பு என்றார். இப்போது அவர் கடிகாரம் கட்டுவதில்லை. அது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நடக்கச் சொல்லி அவ்வப்போது சுவரை அதிரவைக்கிறது. அவர் நன்றாக இருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். ஏறுவதில்லை.

நீ கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய அன்று இங்கே காலையிலிருந்தே தூறல். உன்னை வழியனுப்ப நாங்கள் வரவில்லை. டாக்டர் உன் அப்பாவுக்குப் பயணம் வேண்டாம் என்றிருந்தாள். பத்து மணிப்போல் நீ எங்களுக்குப் பேசினாய். பேசி முடித்துத் தொலைபேசியை வைக்கும்போது கீழ் மலையில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அட்டை கடித்துக் கூப்பிடுகிறார்கள் என்று உன் அப்பா சொன்னார். மாரியாயி நிழல் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். வெற்றிலை போட உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் நினைத்திருக்கிறாள். நிரை முடிந்து திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்ததால்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள்; உடம்பு சில்லிட்டிருந்ததாம். நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போனோம். அதற்குள் அவளை லயத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். மத்தியான நிறுவையில் அவளுடைய சாக்கையும் நிறுத்தார்கள். மழை பெய்திருந்ததால், ஈரத்துக்கு வழக்கமாகக் கழிப்பதைக் கழித்துக்கொண்டார்கள்.